நண்பர்களோடு ஒரு குறும்படம், ஒரு நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நாலு பேர். வேலை முடிந்த நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் சேர்ந்து 14 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தோம். அந்த 14 நிமிடத்துக்கு ஒன்றரை வருடம் ஆனது. இப்போது அதே நாலு பேரும் சேர்ந்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறோம். விஷயம் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. மற்ற மூவரும் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நாலு பேரில் யாராவது சினிமா படித்தவர்களா?

யாரும் இல்லை.

அப்புறம் எந்தத் தைரியத்தில் ஆரம்பித்தீர்கள்?

தைரியம் இல்லை, கோபம். சேர்ந்து படம் பார்ப்பதும், பார்த்துவிட்டு மணிக்கணக்காக அதைப் பிரித்து மேய்வதும் எங்கள் பழக்கம். அதில் நான் கொஞ்சம் அதிகம். இந்தக் காட்சி நீளம், அந்த வசனம் செயற்கை, கடைசிப் பத்து நிமிடம் தேவையே இல்லை என்று அடுக்கிக்கொண்டே போவேன். ஒருநாள் எங்கள் தோழி பொறுக்க முடியாமல், "சரி, நீ ஒரு நிமிஷம் எடுத்துக் காட்டு, பார்ப்போம்" என்றாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் எடுக்க ஆரம்பித்தேன். அடுத்த வாரமே சிரித்த இருவரில் ஒருவன் போனில் ஒளிப்பதிவு செய்துகொண்டிருந்தான், இன்னொருவன் அதற்கு முன்னால் நின்று நடித்துக்கொண்டிருந்தான். சவால் விட்டவள்தான் எடிட்டிங் செய்தாள்.

படம் எடுத்த பிறகு படம் பார்க்கும் விதம் மாறியதா?

மாறியது. முதலில் மாறியது கதவுகள் விஷயத்தில்.

எங்கள் திரைக்கதையில் ஒரு வரி: "அவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான்." எழுத மூன்று நொடி ஆனது. எடுக்க ஒரு முழு மதியம் போய்விட்டது. வெளியிலிருந்து ஒரு ஷாட், உள்ளிருந்து ஒரு ஷாட். வெளியே இடது கையால் கைப்பிடியைத் திருப்பியவன், உள்ளே வரும்போது வலது கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறான். எடுக்கும்போது யாருக்கும் தெரியவில்லை. எடிட்டிங்கில் ஒட்டிப் பார்த்தபோது, வெளியே ஒரு ஆளும் உள்ளே இன்னொரு ஆளும் போல இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் படம் பார்த்தாலும், யாராவது கதவைத் திறந்தால் என் கண் கைக்குத்தான் போகிறது. பெரும்பாலான படங்களில் அந்தக் கை சரியாகவே இருக்கிறது. அதைக் கவனித்துப் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவர் இருந்திருக்கிறார் என்று நினைக்கும்போது ஒரு மரியாதை வருகிறது.

இன்னொன்று, இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி. ஒருவரையும் மற்றவரையும் இணைக்கும் கோடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். 180 பாகை விதி என்பது இதுதான். விதி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வெளிச்சம் அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறதே என்று தாண்டிவிட்டோம். திரையில் பார்த்தால் இருவரும் ஒரே திசையைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆளிடம் சண்டை போடுகிறார்கள். வேண்டுமென்றே இந்த விதியை மீறும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அந்த வகையில் சேர்த்தி இல்லை.

மூன்றாவது, நடிப்பு. எங்கள் படத்தில் எல்லோரும் பாராட்டும் ஒரு குளோசப் உண்டு. நாயகன் ஒரு கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு வெறுமையாக எங்கோ பார்ப்பான். பார்த்தவர்கள் "அந்த ஒரு பார்வை போதும்" என்கிறார்கள். உண்மை என்ன தெரியுமா? லைட்டை நகர்த்திக்கொண்டிருந்தபோது கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன், கடைசிப் பேருந்தைப் பிடிக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். தோழி அந்தத் துண்டைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், துக்கம் தானாக வந்துவிட்டது. நூறு வருடத்துக்கு முன்பே ரஷ்ய இயக்குநர் லெவ் குலேஷோவ் செய்து காட்டியது இதைத்தான். உணர்ச்சியே காட்டாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்களுக்கு அந்த முகத்தில் பசியும் துக்கமும் ஆசையும் தெரிந்தன. இதைப் படித்தபோது சுவாரசியமான தகவல் என்று தாண்டிப் போனேன். சொந்த நண்பனின் முகத்தில் நடந்தபோதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் படம் பார்க்கும் சந்தோஷம் போய்விடாதா?

சுமாரான படங்களில் போய்விடும். நல்ல படங்களில் இருபதாவது நிமிடத்தில் கதவையும் கையையும் மறந்துவிடுகிறேன். இப்போதெல்லாம் எனக்கு நல்ல படத்தின் அடையாளமே அதுதான்.

நாவலைப் படமாக்கினால் ஏன் பெரும்பாலும் ஏமாற்றமாக இருக்கிறது?

"நாவலில் இருந்த பல விஷயங்களை விட்டுவிட்டார்கள்" என்பது வழக்கமான பதில். அது எனக்குப் போதவில்லை. விட்டதால் நல்லதாக ஆன படங்கள் நிறைய உண்டு. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இது ஒரு இலக்கண விஷயம்.

நாவலில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "தினமும் சாயங்காலம் அவர் ஜன்னல் ஓரம் வந்து உட்காருவார். யாராவது கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருப்பார்." உட்காருவார், இருப்பார். இலக்கணத்தில் இதற்கு எதிர்காலம் என்று பெயர். ஆனால் நாம் பழைய நாட்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் இதை அதிகம் பயன்படுத்துகிறோம். அந்த "உட்காருவார்" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை சாயங்காலங்கள்! நூறா, ஆயிரமா, எழுதியவர் சொல்லத் தேவையில்லை.

படத்தில் "உட்காருவார்" கிடையாது. "உட்கார்கிறார்" மட்டும்தான். குறிப்பிட்ட ஒரு நாள், குறிப்பிட்ட ஒரு சட்டை, குறிப்பிட்ட வெயில். மூன்று முறை சட்டை மாற்றி மூன்று துண்டுகளாகக் காட்டலாம், பின்னணியில் ஒரு குரலைப் பேசவிடலாம். ஆனால் அது ஈடுகட்டும் வேலை என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் படத்திலேயே இந்தப் பிரச்சினை வந்தது. தனியாக வாழும் ஒரு பெரியவர் ஒவ்வொரு இரவும் கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பார் என்று எழுதியிருந்தேன். எடுத்தபோது அது ஒரே ஒரு இரவாகிவிட்டது. பார்த்தவர்கள் அன்றைக்கு ஏதோ திருட்டு நடக்கப்போகிறது என்று நினைத்துக் கடைசிவரை காத்திருந்தார்கள்.

அப்புறம் வினைமுற்று. "வந்தான்" என்பதற்கும் "வந்தார்" என்பதற்கும் நடுவில் ஒரு உறவே இருக்கிறது. இருநூறு பக்கம் அப்பாவை "அவர்" என்று சொல்லிக்கொண்டு வரும் மகன், ஒரு பத்தியில் திடீரென்று "போனான்" என்று எழுதினால் படிப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். ஒரு எழுத்து மாறியதில் ஒரு குடும்பம் உடைந்துவிட்டது. இதை எந்த கேமராவாலும் அப்படியே எடுக்க முடியாது.

ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. "அவள் வெகுநேரம் காத்திருந்தாள்" என்ற வரியைப் படிக்க ஒரு நொடிகூட ஆகாது. அவளுக்குத்தான் வெகுநேரம், எனக்கு இல்லை. ஒரு நிமிடம் நகராத ஷாட்டில் அவள் காத்திருந்தால் நானும் காத்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை. வேகத்தைப் படிப்பவர் கையில் கொடுப்பது நாவல். படம் கொடுக்காது. (இப்போது ஒன்றரை மடங்கு வேகத்தில் படம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை.)

ஆக, ஏமாற்றம் தரும் படங்களில் பல, நாவலின் சம்பவங்களை எடுத்துக்கொண்டு அதன் காலத்தை அப்படியே விட்டுவிடுகின்றன. சம்பவம் எளிதில் கிடைத்துவிடும். "உட்காருவார்" என்பதற்குச் சமமான ஒன்றைத் திரையில் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

இத்தனைக்கும் நடுவில் நாவல் படிக்க எப்படி நேரம் கிடைக்கிறது?

கிடைப்பதில்லை. நானும் தோழியும் ஒரே நாவலைப் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். அவள் 80ஆம் பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது.

நண்பர்களோடு வேலை செய்தால் நட்பு கெட்டுவிடாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். மழுப்பாமல் சொல்கிறேன். எங்களுக்குள் ஒரு முறை கெட்டது. நடித்த நண்பனுக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று, ஒரே டேக்கில் நன்றாகவும் செய்திருந்தான். படத்தின் ஓட்டத்துக்கு அது குறுக்கே நின்றது. நானும் தோழியும் அவனிடம் சொல்லாமல் வெட்டிவிட்டோம். நாலு பேரும் உட்கார்ந்து பார்த்த அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் போனை எடுக்கவில்லை. வெட்டியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சொல்லாமல் வெட்டியது தப்பு. இந்த இரண்டும் வேறு வேறு என்று புரிய எனக்கு அந்த இரண்டு மாதமும் தேவைப்பட்டது.

பிறகு ஒரு முறையைப் பிடித்துக்கொண்டோம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா, 1954இல் வந்த 'ஏழு சாமுராய்' படத்தின் திரைக்கதையை ஷினோபு ஹாஷிமோட்டோ, ஹிடியோ ஓகுனி ஆகிய இருவரோடு சேர்ந்து எழுதினார். மூவரும் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டார்கள். குரோசாவாவும் ஹாஷிமோட்டோவும் ஒரே காட்சியைத் தனித்தனியாக எழுதுவார்கள். ஓகுனி எழுத மாட்டார், அவர் வேலை படித்துத் தீர்ப்புச் சொல்வது. எனக்கு இதில் பிடித்தது அந்த எழுதாத மூன்றாவது ஆள். எழுதுகிற இருவருக்கும் தங்கள் பக்கத்தின் மேல் ஆசை இருக்கும். அவருக்கு இரண்டின் மேலும் இல்லை.

நாங்கள் இதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். ஒரு காட்சியில் கருத்து வேறுபாடு வந்தால், அந்தக் காட்சியில் கை வைக்காத ஒருவர் முடிவு சொல்வார். அவர் காரணம் சொல்லத் தேவையில்லை. காரணம் கேட்க ஆரம்பித்தால் மறுபடி வாக்குவாதம்தான். நட்பை இது காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். சண்டையின் நேரத்தைக் குறைத்தது.

படத்தில் யார் பெயர் முதலில் வந்தது?

அகர வரிசை. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் பேச்சில் வந்தது. முதலில் நான் "என் படம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், யாரும் கண்டிக்கவில்லை. பிறகு "நாங்க எடுத்த படம்" என்று மாற்றிக்கொண்டேன். ஒரு நாள் ஒளிப்பதிவு செய்த நண்பனிடமே "நாங்க எடுத்தப்போ" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். "அப்போ நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டான். "நாம" என்று வர வேண்டிய இடம் அது. தமிழில் பேசினால் இந்த விஷயத்தில் ஒளிந்துகொள்ளவே முடியாது.

நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

வேண்டாம். இருக்கும் போன் போதும். காசு செலவழிப்பதென்றால் மைக்குக்குச் செலவழியுங்கள். படம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். ரூம் டோன் என்பார்கள். அறைக்கு அறை அமைதி வேறுபடும். வசனங்களுக்கு நடுவில் அந்த அமைதியை நிரப்பாவிட்டால் காது அடைத்து அடைத்துத் திறப்பதுபோல் இருக்கும். நாங்கள் முதல் மூன்று நாள் இதைச் செய்யவில்லை. நாலு பேர் அசையாமல் பேசாமல் ஒரு நிமிடம் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது தனிக் கதை.

பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது?

எங்களுடையது ஆறு மாதம் நின்றது. திரும்ப ஆரம்பித்தபோது நாயகன் தாடி வளர்த்திருந்தான், அதை மழிக்கவும் மறுத்துவிட்டான். கதையில் ஒரு வருடம் கழிந்ததாக மாற்றினோம். படத்துக்கு அதனால் நன்மைதான். நாங்கள் தேடிக்கொண்டிருந்த "காலம்" அவன் முகத்திலேயே முளைத்து வந்துவிட்டது.

நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் நான் நினைத்துக்கொள்வது சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை. அப்போது அவர் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்பெல்லாம் விடுமுறை நாட்களில். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வயது 21, அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. 1952 அக்டோபரில் வெண்ணிற நாணல் பூக்கள் நிறைந்த வயலில் முதல் நாள் எடுத்தார்கள். அடுத்த வாரம் போனால் பூக்களைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டன. மீதியை எடுக்க அடுத்த பூக்காலம்வரை காத்திருந்தார்கள். நடுவில் பணம் இல்லாமல் மாதக்கணக்கில் நின்றது. அதற்குள் சிறுவனின் குரல் உடைந்துவிடக் கூடாது, சிறுமி வளர்ந்துவிடக் கூடாது, எண்பது வயதுப் பாட்டி இறந்துவிடக் கூடாது. மூன்றும் நடக்கவில்லை. படம் 1955இல் வெளிவந்தது.

அது பெரிய மேதையின் கதை, உங்களுக்கும் எனக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் மாடு மேய்ந்த பகுதி எல்லோருக்கும் நடக்கும்.

நண்பர் எழுதியது பிடிக்கவில்லை என்றால் எப்படிச் சொல்வது?

"நன்றாக இருக்கிறது, ஆனால்..." என்று ஆரம்பிக்காதீர்கள். எங்களில் எல்லோருக்கும் அந்த "ஆனால்" பழகிவிட்டது, முன்னால் வருவதை யாரும் காதில் வாங்குவதே இல்லை. நான் செய்வது இவ்வளவுதான்: படிக்கும்போது எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தேனோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். ஏன் எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். எழுதியவருக்கே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நண்பரின் எழுத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எழுத்தாளர் காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிராட் ஞாபகத்துக்கு வருகிறார். வெளியாகாத எழுத்துகளை எல்லாம் எரித்துவிடும்படி காஃப்கா அவருக்கு எழுதிவைத்திருந்தார். 1924இல் காஃப்கா இறந்தார். பிராட் எரிக்கவில்லை, மறுவருடமே 'விசாரணை'யை வெளியிட்டார். நண்பன் சொன்னதைக் கேட்காததால் நமக்கு ஒரு நாவல் கிடைத்தது. இதைச் சொன்னால் தோழி கோபப்படுவாள். "நான் எரிக்கச் சொன்னா நீ எரிக்கணும்" என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள். நான் சரி என்று சொல்லியிருக்கிறேன். செய்வேனா என்பது வேறு.

நாலு பேர் சேர்ந்து ஒரு நாவலை எப்படி எழுதுகிறீர்கள்?

முதலில் விளையாட்டாகத்தான். 1920களில் பாரிசின் சர்ரியலிஸ்ட் கலைஞர்கள் (கனவுக்கும் தற்செயலுக்கும் கலையில் இடம் கொடுத்தவர்கள்) ஒரு காகித விளையாட்டு விளையாடுவார்கள். ஒருவர் ஒரு சொல்லை எழுதி, அது தெரியாதபடி மடித்து அடுத்தவருக்குக் கொடுப்பார். கடைசியில் பிரித்தால் யாரும் நினைக்காத ஒரு வாக்கியம் இருக்கும். அதைத் தமிழில் செய்து பார்த்தோம். தமிழில் வினை கடைசியில் வருவதால், முடிப்பவர் ஆண்பாலா பெண்பாலா அஃறிணையா என்று தெரியாமலே முடிக்க வேண்டும். "அத்தையின் பழைய குடை நேற்று ராஜினாமா செய்தார்" என்று ஒரு வாக்கியம் வந்தது. நாங்கள் எழுதும் நாவலின் முதல் வரி அதுதான்.

இப்போது ஒருவர் ஒரு அத்தியாயம். முந்தையவர் எழுதிய எதையும் மாற்றக் கூடாது, கனவு என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது, கதையில் யாரையாவது கொல்வதென்றால் அடுத்த முறை வருபவரிடம் முன்னதாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது விதி, ஒரு விபத்துக்குப் பிறகு சேர்த்தது.

தனியாகச் செய்வதைவிட இது நல்லதா?

நல்லது என்று சொல்ல மாட்டேன். தனியாக எழுதியிருந்தால் என் அத்தியாயங்கள் இன்னும் ஒழுங்காக இருந்திருக்கும். ஆனால் எழுதியிருக்கவே மாட்டேன்.

1816ஆம் வருடக் கோடை. முந்தைய வருடம் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பா முழுக்க வானிலை கெட்டுப்போயிருந்தது. ஜெனிவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்த நண்பர்கள் சிலரிடம், ஆளுக்கொரு பேய்க் கதை எழுதலாம் என்றார் பைரன். பைரனும் ஷெல்லியும் பெரிய கவிகள், இருவரும் தங்கள் கதையைப் பாதியில் விட்டுவிட்டார்கள். முடித்தவர்களில் ஒருவர், பின்னாளில் மேரி ஷெல்லி ஆன 18 வயதுப் பெண். அந்தக் கதை 1818இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்று வெளிவந்தது. பல வருடம் கழித்து அவர் எழுதிய முன்னுரையில் ஒரு விஷயம் சொல்கிறார்: கதை யோசித்தாயா என்று ஒவ்வொரு காலையிலும் அவரைக் கேட்பார்களாம். இல்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அவமானமாக இருந்ததாம்.

எரிமலை, மழை, பேய் எல்லாவற்றையும்விட எனக்கு அந்தக் காலைக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. ஒருவர் கேட்கிறார். நாளைக்கும் கேட்பார்.

உங்கள் குறும்படத்தை எங்கே பார்க்கலாம்?

எங்கேயும் பார்க்க முடியாது. நாலு பேரிடம் நாலு பிரதிகள் இருக்கின்றன. நடித்த நண்பனிடம் இருப்பதில் மட்டும் அந்த வெட்டிய காட்சி இருக்கிறது என்று போன மாதம்தான் தெரிந்தது. தோழி அவனுக்காகத் தனியாக ஒட்டிக் கொடுத்திருக்கிறாள்.

நாவல் எப்போது முடியும்?

ஒன்பதாவது அத்தியாயத்தில் நிற்கிறது. என் முறை. பதினோரு நாள் தாமதம். முதல் வாரம் "எழுதிட்டியா?" என்று முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது காலையில் வெறும் கேள்விக்குறி மட்டும் வருகிறது. இன்றைக்கு மூன்று வந்துவிட்டன, நாலாவதற்குள் இந்தப் பதில்களை முடித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.